புளியமரப் பொந்தில் ஒளிந்திருக்கும் அபூர்வம்... ராமேஸ்வரம் சிலந்தியைத் தெரியுமா உங்களுக்கு?

ராமேஸ்வரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகத்துக்கு வரும்? ராமநாதசுவாமி கோயிலின் நீண்ட பிராகாரம், 22 தீர்த்தங்கள், பாம்பன் பாலம், தனுஷ்கோடி, அப்துல் கலாம்... இப்படி ஒரு பட்டியல் போடுவீர்கள். அந்தப் பட்டியலில் ஒரு சிலந்திக்கும் இடம் உண்டு என்றால் நம்புவீர்களா?

ஆமாம். உலகத்தின் சிலந்தி ஆராய்ச்சியாளர்கள் பலருக்கு ராமேஸ்வரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு சிலந்திதான். அறிவியல் உலகத்தில் அதன் பெயர் 'பொசிலோதீரியா ஹனுமாவிலாசுமிக்கா'. வாயில் நுழையவில்லையா? ராமேஸ்வரம் பாராசூட் சிலந்தி என்று சொல்லிக்கொள்ளலாம். உலகம் முழுக்கத் தேடினாலும் ராமேஸ்வரம் தீவு, அதையொட்டிய ராமநாதபுரம் மாவட்டக் கரை, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் மன்னார் என்ற சின்ன வட்டத்துக்குள்தான் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என், 2008-ல் இதை 'மிக அருகிய இனம்' என்று அறிவித்தது. கானமயிலும் பாறு கழுகும் இருக்கிற அதே பட்டியல் அது. கானமயிலுக்காகக் கவலைப்பட நாட்டில் நிறைய பேர் இருக்கிறார்கள். இந்தச் சிலந்திக்கு? பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கே இப்படி ஒன்று இருப்பது தெரியாது!

வலை பின்னாத சிலந்தி

சிலந்தி என்றால் சுவர் மூலையில் வட்டமாக வலை பின்னி, நடுவில் உட்கார்ந்திருக்கும் என்றுதான் நினைப்போம். இது அந்த ரகம் இல்லை. 'டாரண்டுலா' என்ற பெரிய உடம்பு, ரோமக் கால் சிலந்திகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. கால்களை விரித்தால் ஒரு பெரியவரின் உள்ளங்கை அளவுக்கு வரும்.

முதுகுப் பக்கம் பார்த்தால் மரப்பட்டை நிறம். சாம்பலும் பழுப்பும் கறுப்பும் கலந்து கோலம் போட்டது மாதிரி இருக்கும். மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு அடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், மிரண்டுபோய் முன்கால்களைத் தூக்கினால் போதும். அடிப்பக்கத்தில் பளிச்சென்று மஞ்சள் நிறம் தெரியும். "கிட்ட வராதே" என்று அது காட்டும் மஞ்சள் கொடி அது.

எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை சுமார்தான். காலில் இருக்கும் ரோமங்கள்தான் அதற்குக் கண், காது எல்லாம். மரப்பட்டையில் ஒரு கரப்பான்பூச்சி நடந்தால், அந்த அதிர்வை வைத்தே எந்தத் திசையில் போகிறது என்று கண்டுபிடித்துவிடும். இரவில் பொந்தின் வாசலுக்கு வந்து அசையாமல் காத்திருக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல். கரப்பான், வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி என்று கிடைப்பதைப் பிடித்துச் சாப்பிடும். வெளிச்சம் வருவதற்குள் மறுபடி பொந்துக்குள் போய்விடும்.

பொசிலோதீரியா என்ற இந்தப் பேரினத்தில் சுமார் 15 இனங்கள் இருக்கின்றன. அத்தனையும் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இயற்கையாக வாழ்கின்றன. சிங்களத்தில் இவற்றை 'திவி மகுளுவா' என்பார்கள். சிறுத்தைச் சிலந்தி என்று அர்த்தம்.

கோயில் தோப்பு கொடுத்த பெயர்

2004-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த சிலந்தி ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரூ ஸ்மித், இது அதுவரை அறிவியல் உலகம் அறியாத தனி இனம் என்று விவரித்து வெளியிட்டார். பெயர் வைப்பதற்கு ஆதாரமாக இருந்த சிலந்தி கிடைத்தது ராமேஸ்வரம் ஹனுமவிலாசம் கோயிலைச் சேர்ந்த தோப்பில். அதனால்தான் அந்தக் கோயிலின் பெயரே சிலந்திக்கும் வந்தது.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சிலந்தி கிடைத்தது அடர்ந்த காட்டில் அல்ல. ஊருக்குள், கோயில் இடத்தில், பழைய மரங்கள் நிற்கும் தோப்பில். ராமேஸ்வரம் தீவில் பெரிய காடு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மணல், உடைமரம், பனை, தென்னை, நடுநடுவே புளியந்தோப்பு... அவ்வளவுதான். காடு போன பிறகு, இந்தச் சிலந்தி நாம் நட்டு வளர்த்த மரங்களில் குடியேறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சாமி மரம், கோயில் மரம் என்று சொல்லிவிட்டால் கோடாரியோடு யாரும் கிட்டப் போக மாட்டார்கள். அந்த பயபக்திதான் பல ஊர்களில் பழைய மரங்களை இன்றைக்கும் நிற்க வைத்திருக்கிறது. மரத்தைக் காப்பாற்றியவர்களுக்கு, அதற்குள் ஒரு அபூர்வ உயிரையும் சேர்த்துக் காப்பாற்றுகிறோம் என்று தெரிந்திருக்காது.

ஒரு பொந்து உருவாக எத்தனை வருஷம்?

இந்தச் சிலந்திக்கு வீடு என்றால் மரப்பொந்துதான். பழைய மரத்தில் இருக்கும் ஓட்டை, பட்டை பிளந்த இடுக்கு, பனையின் மட்டை இடுக்கு மாதிரி இடங்களில் உள்ளே பட்டுநூலால் மெத்தை போட்டுக்கொண்டு குடியிருக்கும்.

பொந்து எப்படி உருவாகிறது? புயலிலோ காற்றிலோ ஒரு கிளை முறிகிறது. முறிந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்குகிறது. பூஞ்சை பிடிக்கிறது. வண்டும் கறையானும் உள்ளே குடைகின்றன. வெளியே மரம் பச்சையாக உயிரோடு இருக்க, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழி விழுகிறது. இதெல்லாம் நடக்கப் பல பத்து வருஷங்கள் ஆகும். இளம் மரத்தில் பொந்து இருக்காது. தாத்தா நட்ட மரத்தில்தான் இருக்கும்.

"ஒரு மரம் வெட்டினால் பத்து மரம் நடுவோம்" என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால், இந்தச் சிலந்தியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு உதவாது. இன்றைக்கு நடும் கன்றில் பொந்து விழ, அடுத்த தலைமுறை வரை காத்திருக்கவேண்டும். அதுவரை அது எங்கே போய் இருக்கும்?

பக்கத்து மரத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். போகலாம், பக்கத்தில் மரம் இருந்தால்! சில சிலந்திகளின் குஞ்சுகள் நூலைக் காற்றில் பறக்கவிட்டு, பட்டம் மாதிரி வெகுதூரம் போய்விடும். இந்தப் பேரினம் அப்படிப்பட்ட பயணி இல்லை. ஊர்ந்து ஊர்ந்துதான் போகவேண்டும். நடுவில் வெட்டவெளி மணலோ, தார் ரோடோ, லாட்ஜ் கட்டடமோ வந்துவிட்டால் கதை முடிந்தது.

மரம் குறையக் குறைய ஒரே பொந்தில் பல சிலந்திகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வதையும் இந்தப் பேரினத்தில் கவனித்திருக்கிறார்கள். வாடகைக்கு வீடு கிடைக்காத ஊரில் கூட்டுக்குடித்தனம் நடத்துவது மாதிரி.

வீட்டுக்குள் வருவது யார்?

பெண் சிலந்தி பத்து வருஷத்துக்கு மேல்கூட வாழும். பெரும்பாலும் பொந்தை விட்டு அதிக தூரம் போகாது. முட்டைப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காவல் காக்கும். ஆணின் ஆயுள் குறைவு. பருவத்துக்கு வந்ததும் பொந்தை விட்டுக் கிளம்பிவிடும். பெண்ணைத் தேடி ராத்திரியில் மரம் மரமாக அலையும். அலைகிற வழியில் விளக்கு வெளிச்சம், ஓலைக் கூரை, குளியலறைச் சுவர் என்று தட்டுப்படும்.

அங்கேதான் பிரச்னை. உள்ளங்கை அளவு சிலந்தி சுவரில் நின்றால் நாம் என்ன செய்வோம்? செருப்போ துடைப்பமோ கைக்கு வந்துவிடும். அப்படி அடிபடுவதில் நிறைய, துணை தேடிப் புறப்பட்ட ஆண்கள். ஒரு தோப்புக்கும் இன்னொரு தோப்புக்கும் இடையே உறவைக் கொண்டுபோகும் தூதுவனே அந்த ஆண்தான். அவன் போகவில்லை என்றால் ஒவ்வொரு தோப்பும் தனித்தீவாகிவிடும். உறவுக்குள்ளேயே இனம் பெருகி, பலவீனமாகி, ஒருநாள் காணாமல்போகும்.

30 கிலோமீட்டர் கடலைத் தாண்டியது எப்படி?

பல வருஷம் இந்தச் சிலந்தி இந்தியாவுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தார்கள். 2015-ல் ஒரு ஆச்சர்யம். இலங்கையின் மன்னார் மாவட்டத்திலும் இது இருப்பதாக, ரணில் நாணயக்கார உள்ளிட்ட இலங்கை ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல். நீந்தவும் பறக்கவும் தெரியாத சிலந்தி எப்படி அந்தப் பக்கம் போனது?

பதில் கடலுக்கு அடியில் இருக்கிறது. கடைசிப் பனியுகத்தில் உலகின் தண்ணீர் பெருமளவு பனிப்பாறையாக உறைந்துகிடந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை கீழே இருந்தது. பாக் நீரிணையோ ஆழம் குறைந்த கடல். அப்போது இரண்டு கரையும் ஒரே நிலம். மரத்துக்கு மரம் ஊர்ந்தே மன்னாருக்குப் போயிருக்கலாம். பிறகு பனி உருகி, கடல் ஏறி, நடுவில் தண்ணீர் வந்து ஒரே குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. நம் ஊரிலிருந்து மரக்கட்டையோடு கப்பல் ஏறிப் போயிருக்குமோ என்றும் கேட்கலாம். எந்த வழியில் போயிருந்தாலும், ராமேஸ்வரமும் மன்னாரும் ஒரே மாதிரி நிலம்தான். அதே மணல், அதே பனை, அதே உப்புக்காற்று.

மாங்குளம் ஆஸ்பத்திரியில் ஒரு குடித்தனம்

மன்னாருக்கு முன்பே, இலங்கையின் வடக்கில் இன்னொரு கதை நடந்தது. 2009 மே மாதம் போர் முடிந்தது. அந்த வருஷ அக்டோபரில் மாங்குளம் பகுதி மக்கள், செத்துக்கிடந்த ஒரு பெரிய ஆண் சிலந்தியை ரணில் நாணயக்காரவின் குழுவிடம் கொடுத்தார்கள். அதுவரை பார்த்த எதனோடும் அது ஒத்துப்போகவில்லை. குழுவினர் தேட ஆரம்பித்தார்கள். போர் முடிந்த பகுதியில் அவர்களுக்குத் துணையாக வந்தவர் மைக்கேல் ராஜகுமார் பூராஜா என்ற போலீஸ் அதிகாரி.

தேடியது எங்கே கிடைத்தது தெரியுமா? பழைய மரங்களில் மட்டுமில்லை, மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் குவார்ட்டர்ஸிலும்தான்! பொந்துள்ள மரங்கள் குறைந்துபோனதால், இருட்டாகக் கிடந்த பழைய கட்டடத்தை மரப்பொந்தாக நினைத்துக் குடியேறிவிட்டன. கால்களை விரித்தால் சுமார் 20 சென்டிமீட்டர், அதாவது சாப்பாட்டுத் தட்டில் பாதிக்கு மேல். 2012 இறுதியில் புதிய இனமாக வெளியிட்டபோது, அந்த அதிகாரியின் நினைவாக 'பொசிலோதீரியா ராஜேய்' என்று பெயர் வைத்தார்கள்.

102 வருஷம் காணாமல்போன நீலச் சிலந்தி

இதே குடும்பத்தின் இன்னொரு உறவு ஆந்திராவில் இருக்கிறது. உடம்பெல்லாம் மயில் நீலத்தில் மின்னும் அழகு. 1899-ல் ஆர்.ஐ.போக்காக் என்ற விலங்கியலாளர் இதை 'பொசிலோதீரியா மெட்டாலிகா' என்று பெயரிட்டு விவரித்தார். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு சிலந்தி. கிடைத்த இடம், குத்தி ஊர் ரயில்வேயின் மரக்கிடங்கு. ரயிலுக்கு விறகாகவும் கட்டையாகவும் வெட்டிவந்த மரத்தோடு சேர்ந்து அதுவும் வந்து இறங்கியிருக்கிறது.

அதற்குப் பிறகு 102 வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தேபோய்விட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. 2001-ல்தான் குத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையில் உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். 2008 மதிப்பீட்டின்படி, 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான காட்டில்தான் அதன் வாழ்க்கை. அதுவும் 'மிக அருகிய இனம்'.

கோயில் தோப்பு, ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ், ரயில்வே கிடங்கு... மூன்று கதையிலும் மையமாக இருப்பது ஒன்றுதான். பழைய மரம்.

கூண்டுக்குள் விற்பனை

அழகாக இருப்பதே இவற்றுக்கு இன்னொரு ஆபத்து. நாய், பூனை வளர்ப்பது மாதிரி, வெளிநாடுகளில் கண்ணாடிப் பெட்டியில் டாரண்டுலா வளர்ப்பவர்கள் ஏராளம். இந்தியா, இலங்கைச் சிலந்திகளுக்கு அங்கே கிராக்கி அதிகம். ஒரு பொந்தைக் குடைந்து பெண்ணையும் குஞ்சுகளையும் அள்ளினால், அந்த மரமே காலி.

இதைத் தடுக்கத்தான் 2019-ல் ஜெனீவாவில் நடந்த 'சைட்டீஸ்' மாநாட்டில் பொசிலோதீரியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். இனி அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு வியாபாரம் செய்ய முடியாது. 2022-ல் திருத்தப்பட்ட நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், சைட்டீஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களைத் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்திருக்கிறது.

சட்டம் சிலந்தியைக் காக்கும். அது குடியிருக்கும் புளியமரத்தை யார் காப்பது? பட்டா நிலத்துத் தோப்பை விறகுக்கு விற்பதையோ, ரோடு அகலமாக்க ஓரத்து மரத்தை வெட்டுவதையோ சைட்டீஸ் தடுக்காது.

கடித்தால் என்ன ஆகும்?

எல்லோருக்கும் இருக்கும் பயம் இது. மறைக்காமல் சொல்லிவிடலாம். விஷம் உண்டு. கடித்தால் கடுமையான வலி, வீக்கம் இருக்கும். சிலருக்குத் தசைப்பிடிப்பு வந்து சில நாள்கள் வரை படுத்தும். ஆனால், இந்தச் சிலந்திகள் கடித்து மனிதர் இறந்ததாக மருத்துவப் பதிவு எதுவும் இல்லை. தேடிவந்து கடிக்கும் குணமும் கிடையாது. ஓடி ஒளியவே பார்க்கும். கையால் பிடித்தாலோ, மூலையில் மடக்கினாலோதான் கடிக்கும். கடிபட்டால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வீட்டு வைத்தியம் வேண்டாம்.

அனுப்பம்பட்டுக்கும் ராமேஸ்வரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போனால், மீஞ்சூர் தாண்டியதும் அனுப்பம்பட்டு. அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு ஏரிக்கும் மீனவக் கிராமங்களுக்கும் ரோடு போகிறது. இங்கே வருபவர்கள் எல்லோரும் பூநாரையைப் பார்த்து, செல்ஃபி எடுத்து, இறால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். வழியில் நிற்கும் மரங்களை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் தளம் என்பதால் ஆள் நடமாட்டம் குறைவு, அதனால் அங்கே ஒரு பழைய காடு தப்பித்திருக்கிறது. பாலை, வீரை, காசான், நாவல் எனக் குறைந்த மழையிலும் இலை உதிர்க்காத மரங்கள் நிறைந்த கடற்கரைக் காடு. இந்த வகைக் காடு ஒருகாலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுக ராமநாதபுரம் வரை பரவியிருந்தது. இன்றைக்கு மிச்சமிருப்பது அங்கங்கே துண்டுதுண்டாக, பெரும்பாலும் கோயில்காடுகளாகத்தான்.

ராமேஸ்வரம் சிலந்தியைப் பழவேற்காட்டில் தேடச் சொல்லவில்லை. ஆனால், ஒரு கோயில் தோப்பை ஒருவர் உற்றுப் பார்த்ததால்தான், உலகத்துக்கே தெரியாத ஓர் உயிர் 2004-ல் வெளிச்சத்துக்கு வந்தது. நம் ஊர் ஏரிக்கரைப் பனையிலும், ஐயனார் கோயில் மரத்திலும், ரோட்டோரப் புளியிலும் என்னென்ன குடியிருக்கின்றன என்று யார் பார்த்தோம்? ஆந்தை, பனங்காடை, மரநாய், உடும்பு, தேனீ என ஒரு பழைய மரத்தின் பொந்தை நம்பி ஒரு ஊரே வாழ்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

* பெரிய சிலந்தியைப் பார்த்தால் அடிக்காதீர்கள். வாய் அகன்ற டப்பாவால் மூடி, அடியில் கெட்டியான அட்டையைச் செருகி, பக்கத்துப் பழைய மரத்தடியில் விட்டுவிடலாம். பயமாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வையுங்கள். தானாகப் போய்விடும்.

* தள்ளி நின்று செல்போனில் படம் எடுங்கள். 'ஐ-நேச்சுரலிஸ்ட்' செயலியில் பதிவேற்றினால், விஷயம் தெரிந்தவர்கள் என்ன இனம் என்று சொல்வார்கள். அபூர்வமாகத் தெரிந்தால் இடத்தின் பெயரை வாட்ஸ்அப் குரூப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போடாதீர்கள். வியாபாரிகளும் அதைப் படிப்பார்கள்.

* வீட்டுத் தோப்பில் பொந்து விழுந்த மரம் இருந்தால், "பட்டுப்போச்சு, வெட்டிடலாம்" என்று அவசரப்படாதீர்கள். விழுந்து ஆபத்து வரும் நிலையில் இல்லை என்றால் நிற்கட்டும். பொந்துக்குள் சிமென்ட் வைத்து அடைக்கவும் வேண்டாம்.

* ஊரில் ரோட்டுக்காக, கட்டடத்துக்காகப் பழைய மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால், கிராம சபையில் ஒரு கேள்வி கேளுங்கள். "எத்தனை கன்று நடுவீர்கள்?" என்பதற்கு முன்னால், "இந்த மரத்தை விட்டுவிட்டு வேலையைச் செய்ய முடியாதா?" என்று.

அடுத்தமுறை ராமேஸ்வரம் போனால், தீர்த்தமாடிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பழைய புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தலைக்கு மேலே இருக்கும் இருட்டுப் பொந்துக்குள், மஞ்சள் கால்களை மடக்கிக்கொண்டு இந்த ஊரின் பூர்வகுடி ஒன்று ராத்திரிக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். மரம் நிற்கிறவரைதான் அதற்கு அந்த ஊரில் முகவரி.